டெக்சாஸ்காரர்கள் ஜெயித்த வாரம்

அமெரிக்கக் கால்பந்து கிளப்புகள் மெக்சிகோ கிளப்புகளோடு மோதும் ஆட்டங்களைப் பற்றி பர்மா முழுவதிலும் விவரம் தெரிந்த ஒரே நிபுணன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பதவிக்கு வேறு ஆள் யாரும் மனுப் போடவில்லை.

'தங்கப் பந்து' வார இதழில் நான் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தபோது நல்ல நாடுகள் எல்லாம் பங்கு பிரிந்து முடிந்திருந்தன. இங்கிலாந்து மூத்தவருக்கு. ஸ்பெயின் ஆசிரியர் ஊ டின் ல்வினின் மருமகனுக்கு. இத்தாலியும் ஜெர்மனியும் கேட்டு வாங்கத் தெரிந்தவர்களுக்கு. எனக்கு மிஞ்சியது பதினாறாம் பக்கத்தின் கீழ்ப்பாதி. யாங்கோன் நகரத்தின் கியாக்டடா பேட்டையில் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். என் மேசை கழிவறைக் கதவை ஒட்டி இருந்தது. யாராவது உள்ளே போகும்போதெல்லாம் நான் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். அப்படி இழுத்து இழுத்தே ஐந்து வருஷம் மெக்சிகோவைப் பற்றி எழுதினேன்.

அந்த வேலையில் ஒரு சிக்கல் இருந்தது. இதழின் பக்கங்கள் எல்லாம் செவ்வாய்க்கிழமையே அரசாங்கத் தணிக்கை அலுவலகத்துக்குப் பரிசீலனைக்குப் போயாக வேண்டும். புதன் சாயங்காலம் சிவப்பு மையோடு திரும்பி வரும். வியாழன் மதியம் அச்சு. ஆனால் அமெரிக்காவில் புதன் ராத்திரி ஆடும் ஆட்டம் எங்களுக்கு வியாழன் காலையில்தான் முடியும். முடிந்த பிறகு எழுதினால் பரிசீலனைக்கு நேரமில்லை. ஆகவே செவ்வாய்க்கிழமையே இரண்டு பிரதி எழுதிக் கொடுத்துவிடுவேன். ஒன்றில் அமெரிக்கர்கள் ஜெயிப்பார்கள், இன்னொன்றில் தோற்பார்கள். இரண்டுக்கும் அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு, வியாழன் காலை முடிவு தெரிந்ததும் பொருத்தமானதை எடுத்துக் கோல் எண்ணிக்கையை மட்டும் நிரப்பி அச்சுக்குக் கொடுப்போம்.

மெக்சிகோ மண்ணில் அமெரிக்கக் கிளப்புகள் ஜெயிப்பதில்லை. ஐந்து வருஷத்தில் அங்கே நடந்த ஆட்டங்களுக்கு நான் எழுதிய வெற்றிப் பிரதிகளில் ஒன்றுகூட அச்சேறவில்லை. தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு இழுப்பறையில் போட்டுவைத்தேன். என் மனைவி கரீமா கடைக்குப் போகும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னால் சாமான் பட்டியல் எழுதுவாள். எத்தனையோ அமெரிக்க வெற்றிகள் வெங்காயத்தோடு சந்தைக்குப் போய் வந்திருக்கின்றன.

இரண்டு பிரதி எழுதும் பழக்கம் எனக்கு உடம்போடு ஒட்டிவிட்டது. வீட்டுக்காரர் வாடகையை உயர்த்துவாரோ என்று சந்தேகம் வந்தால் நன்றிக் கடிதம் ஒன்றும் கெஞ்சல் கடிதம் ஒன்றும் தயாராக இருக்கும். மைத்துனிக்குப் பிள்ளை பிறக்கும் முன்பே ஆணுக்கு ஒரு வாழ்த்து, பெண்ணுக்கு ஒரு வாழ்த்து. கரீமா ஒருநாள் சொன்னாள்:

"மச்சான், நீங்க எதுக்கும் தயாராத்தான் இருக்கீங்க. எதுலயும் எறங்கத்தான் காணோம்."

நான் அதற்கும் இரண்டு பதில் யோசித்தேன். இரண்டையும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றில் இறங்கியிருந்தேன். நாங்கள் குடியிருக்கும் க்யிம்யிண்டைங்கில் ஆற்றங்கரை ஒற்றுமைக் கழகம் என்று எங்கள் தமிழ் ஆட்களின் கால்பந்து அணி ஒன்று உண்டு. பள்ளிவாசல் தெருப் பிள்ளைகளும் மாதா கோயில் தெருப் பிள்ளைகளும் கலந்த அணி. பகலில் மீன் கூடை இறக்குவார்கள், சைக்கிள் கடையில் இருப்பார்கள், பாஸ்போர்ட் படம் எடுப்பார்கள். அந்த அணிக்கு ஏழு வருஷமாக நான்தான் பயிற்சியாளன். தகுதி என்னவென்றால் கால்பந்தைப் பற்றி நிறைய வாசிப்பவன் என்பதுதான். பந்தை நான் உதைத்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று எனக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது.

இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் என்னை எல்லாரும் 'சயா' என்று கூப்பிட்டார்கள். பர்மாவில் வாத்தியார், வைத்தியர், எழுத்தாளர், பயிற்சியாளர் எல்லாருக்கும் அந்த ஒரே மரியாதைச் சொல்தான். அலுவலகத்தில் என்னை 'கதவுக்குப் பக்கத்து ஆள்' என்பார்கள். எனக்கு அந்தச் 'சயா' வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், வாழ்க்கையில் எனக்கு வேறெதுவும் அவ்வளவு வேண்டியிருக்கவில்லை.

எங்களுக்கும் ஒரு மெக்சிகோ இருந்தது. தன்லியின் என்ற ஊரின் அணி. எங்கள் மைதானத்துக்கு அவர்கள் வந்தால் சமன் செய்வோம், சில வேளை ஜெயிப்போம். பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நாங்கள் அங்கே போனால் தோற்போம். ஏழு வருஷம், ஏழு தோல்வி. அமெரிக்கர்கள் மெக்சிகோவில் தோற்றால் மலை உயரத்தில் மூச்சு முட்டியது என்பார்கள். எங்களுக்கு மலை இல்லாததால் நான் பேருந்தைச் சொன்னேன். பாலத்தில் குலுக்கி எடுத்துவிட்டது என்றேன். ஒரு வருஷம் காற்று, ஒரு வருஷம் வெயில், ஒரு வருஷம் அவர்கள் கொடுத்த தண்ணீர். ஏழு வருஷத்தில் நான் ஒரே காரணத்தை இரண்டு முறை சொன்னதில்லை என்பது ஒன்றுதான் என் சாதனை.

2009 மார்ச்சில் கழகச் செயலாளர் சிங்கராயர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். சிங்கராயர் நாற்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தை வாயைத் திறந்து பேசமாட்டார். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு பொதுக்கூட்டம் என்று தாளில் இருந்தது. ஐந்தாவது பொருள்: பயிற்சியாளர். அவ்வளவுதான் எழுதியிருந்தார். வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று எழுதவில்லை. கேட்டேன். கூட்டத்தில் வரும் என்றார்.

அதே வாரம்தான் டெக்சாஸ் கிளப் ஒன்று, மெக்சிகோவின் கடற்கரை நகரத்துக் கிளப்போடு மறு ஆட்டம் ஆடப் போனது. முதல் ஆட்டம் டெக்சாஸில் ஒன்றுக்கு ஒன்று. வழக்கம்போல இரண்டு பிரதி எழுதினேன். வெற்றிப் பிரதியை ரசித்து எழுதினேன், எப்படியும் இழுப்பறைக்குப் போகிற சரக்குதானே. தோல்விப் பிரதியில் என் மனக்கொதிப்பு இறங்கிவிட்டது. மெக்சிகோ தேசிய அணி ஒரு வருஷத்துக்குள் மூன்று பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டது, மூன்றாமவரும் போகப்போகிறார் என்று பேச்சு, அமெரிக்கர்கள் மட்டும் ஏன் சாக்குச் சொல்லும் ஆட்களைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று கேட்டேன். 'தலைமையை மாற்ற வேண்டும்' என்று எட்டு இடத்தில் எழுதியிருந்தேன். யாரைத் திட்டுகிறேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

புதன் சாயங்காலம் பக்கங்கள் திரும்பி வந்தன. வெற்றிப் பிரதிக்கு அனுமதி. தோல்விப் பிரதியில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. நான் கால்பந்துப் பயிற்சியாளரைத்தான் சொன்னேன், ஆனால் தலைமையை மாற்றச் சொல்லி எட்டு முறை எழுதிவிட்டுப் பிறகு விளக்கம் சொல்ல, ராணுவம் ஆண்ட எங்கள் ஊரில் இடமில்லை. ஊ டின் ல்வின் என்னை ஒரு பார்வை பார்த்தார். இடத்தைக் காலியாக விட்டால் அதற்கும் கேள்வி வரும்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அமெரிக்கக் கிளப்புக்காக அல்லாவிடம் துஆ கேட்டேன். வியாழன் காலை இணையக் கடையில் உட்கார்ந்தேன். பக்கம் வரி வரியாக இறங்கியது. முதலில் டெக்சாஸ் கிளப்பின் சின்னம் வந்தது. அப்புறம் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் போட்டபின் மறுபடி சின்னம் வந்தது. கடைசியில் எண் வந்தது. மூன்றுக்குப் பூஜ்யம், மெக்சிகோ.

ஆசிரியரிடம் சொன்னேன். அவர் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார். பிறகு அனுமதி கிடைத்ததைப் போடச் சொன்னார். அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை, உலகம் முழுவதும் தோற்ற டெக்சாஸ்காரர்கள் யாங்கோனில் மட்டும் இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள்.

தொலைபேசி அடிக்கும், கடிதம் வரும், வேலை போகும் என்று பயந்தேன். மன்னிப்புக் கடிதம் ஒன்றும் மறுப்புக் கடிதம் ஒன்றும் எழுதி வைத்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரம் செருப்பு விளம்பரத்துக்குக் கீழே ஒரு வரித் திருத்தம் போட்டோம், அதையும் யாரும் கவனிக்கவில்லை. ஐந்து வருஷமாக என்னை யாரும் வாசிக்கவில்லை என்பதற்கு அதைவிட வேறு ரசீது வேண்டியதில்லை. வேலை தப்பித்த சந்தோஷத்தைவிட அந்த வருத்தம்தான் பெரிதாக இருந்தது.

இதழ் வந்த வெள்ளிக்கு மறுநாள் கழித்து ஞாயிறு, தன்லியினில் சீசனின் கடைசி ஆட்டம். நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். உண்மையில் எட்டாவது காரணம் ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை, அதுதான் காய்ச்சல். சிங்கராயர்தான் அணியைக் கூட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் தெருவில் சத்தம் கேட்டுக் கரீமா வெளியே போய்ப் பார்த்தாள்.

"மச்சான், நம்ம புள்ளைங்க ஜெயிச்சுட்டானுங்க. ரெண்டுக்கு ஒண்ணாம்."

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். ஏழு வருஷம் நான் போனேன், தோற்றார்கள். ஒரு நாள் நான் போகவில்லை, ஜெயித்துவிட்டார்கள். இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது. அழுகை வந்தது, காய்ச்சல் என்று சொல்லியிருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பின் பொதுக்கூட்டம் வரை மூன்று நான்கு வாரம் பிள்ளைகள் கண்ணில் படாமல் தப்பித்துத் திரிந்தேன். மீன் இறங்கும் துறைப் பக்கம் போவதைவிட்டுச் சுற்றுவழியில் பேருந்துக்குப் போனேன், ஏனென்றால் கோல்கீப்பர் ஆசிக்குக்கு அங்கேதான் வேலை. ராத்திரி உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று ராஜினாமா. சிவப்புக் கோடு போட்ட தோல்விப் பிரதியை வீணாக்காமல் பெயர்களை மட்டும் மாற்றி அதையே எழுதினேன், நன்றாகத்தான் வந்தது. மற்றொன்று, என்மேல் மீண்டும் நம்பிக்கை வைத்ததற்கு நன்றி, பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று. ராஜினாமா சட்டையின் இடது பையில். நன்றி வலது பையில்.

அந்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. சிங்கராயர் பூசை முடித்துக் கையில் ஓலையோடு வந்தார். அரிசிக் கடை மாடியில் கூட்டம். பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அந்த வாரம் மெக்சிகோ தேசிய அணி மூன்றாவது பயிற்சியாளரையும் அனுப்பிவிட்டது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை ஒரு சகுனமாகவே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது பொருள், வந்த கடிதங்கள். அதுவரை ஒரு கடிதமும் வரவில்லை என்று சிங்கராயர் சொல்லி முடிக்கும் முன் எழுந்து இடது பையிலிருந்ததை மேசையில் வைத்தேன். அவர்கள் அனுப்புவதற்குள் நானே போய்விட வேண்டும் என்ற அவசரம். சிங்கராயர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு சொல் விடாமல் வாசித்தார். ஏழு முறை ஒரே பாலத்தில் தோற்ற தலைமையை மாற்ற வேண்டும் என்ற வரி வந்தபோது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தம்பி, கடுதாசி மேசைக்கு வந்துருச்சு. மினிட்ஸ்ல ஏத்தித்தான் ஆவணும்," என்றார் சிங்கராயர். அவர் குரல் வழக்கம்போல இல்லை.

ஆசிக் எழுந்தான். இருபத்தாறு வயது, ஆறடி, கையிலிருந்து மீன் வாசனை எந்தச் சோப்புக்கும் போகாது. அவன் லுங்கி மடிப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். பதினாறாம் பக்கம். அன்றைக்குத் தன்லியின் போகும்போது பேருந்தில் அதைச் சத்தமாகப் படித்ததாகச் சொன்னான். போகும்போது ஒருமுறை, பாலத்தில் வண்டி நின்றபோது ஒருமுறை. டெக்சாஸ்காரர்கள் முதல் இருபது நிமிஷம் நடுக்கோட்டைத் தாண்டவில்லை என்று நான் எழுதியிருந்தேன், இவர்களும் தாண்டவில்லை. மெக்சிகோவின் வலது தடுப்பாட்டக்காரர் பொறுமை கெட்டு முன்னால் ஓடிவிடுவார், அவர் விட்ட இடத்துக்குக் கோல்கீப்பர் பந்தை உதைக்காமல் கையால் எறிந்தார் என்று எழுதியிருந்தேன். இவனும் எறிந்தான். இரண்டு கோலும் அந்த வழியில்தான் வந்தன.

"மைதானம் தெக்குப் பக்கம் சரிவு, பாதிக்கு மேல ஆத்துக் காத்து திரும்பும்னு எழுதியிருந்தீங்க சயா. அப்படியே தன்லியின் மாதிரியே இருந்துச்சு," என்றான்.

இருக்காதா என்ன. நான் மெக்சிகோவைக் கண்டதில்லை. என் வாழ்நாளில் நான் பார்த்த ஒரே அந்நிய மைதானம் தன்லியின்தான். ஏழு வருஷம் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்ததைத்தான் மெக்சிகோ என்று எழுதியிருக்கிறேன். அந்த வலது தடுப்பாட்டக்காரரும் மெக்சிகோக்காரர் இல்லை, தன்லியின் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர், எந்த வருஷமும் பொறுமை கெட்டு முன்னால் ஓடுகிறவர்.

சிங்கராயர் மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். ஐந்தாவது பொருளில், இதே ஆளை இன்னும் மூன்று வருஷத்துக்குப் பயிற்சியாளராக வைப்பது என்ற தீர்மானம் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். ராஜினாமாவைக் கொடுத்தவரே எழுத்து மூலம் கேட்டால் திரும்பப் பெற விதி இடம் கொடுக்கிறது என்றும், விதியின் எண்ணையும் சொன்னார். என் கை தானாக வலது பைக்குப் போனது. கடிதம் அங்கே தயாராக இருந்தது. ஒரே விஷயத்தில் என் இரண்டு பிரதிகளுக்கும் வேலை வந்ததே இல்லை, அன்றைக்கு வந்தது.

அப்போதுதான் ஆசிக் கேட்டான், அந்த டெக்சாஸ் கோல்கீப்பர் பெயர் என்ன என்று. அவர் படம் கிடைத்தால் அறையில் ஒட்டி வைக்கணும் என்றான்.

ஒரு பெயர் சொல்லியிருக்கலாம். பெயருக்கா பஞ்சம். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. அந்த ஆட்டம் அப்படி நடக்கவில்லை என்றேன். மூன்றுக்குப் பூஜ்யம் தோற்றார்கள், அனுமதி கிடைத்த பிரதியைப் போட்டோம், அந்தக் கோல்கீப்பர் கையால் எறியவும் இல்லை, அதெல்லாம் என் மேசையில் உட்கார்ந்து நான் யோசித்தது என்றேன். பிள்ளைகள் சிரிப்பார்கள் அல்லது திட்டுவார்கள் என்று நினைத்தேன். சிங்கராயரின் பேனா மட்டும் நின்றது.

ஆசிக் தாளை மறுபடி விரித்தான்.

"அப்ப அது உங்க ஆட்டமா, சயா?"

ஆமாம் என்றேன்.

"அப்புறம் ஏன் சயா ஏழு வருஷமா அத எங்ககிட்ட சொல்லல?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதற்கு என்னிடம் ஒரு பிரதிகூட இல்லை. பேருந்து குலுங்கியது, காற்று அடித்தது, வெயில் கொளுத்தியது என்று இவர்களுக்குச் சொன்ன நான், ஜெயிக்கும் வழியை முகம் தெரியாத அமெரிக்கர்களுக்கு எழுதி இழுப்பறையில் பூட்டிவைத்திருந்தேன். இந்தப் பிள்ளைகள் ஜெயிப்பார்கள் என்று நான் ஒருநாளும் நம்பவில்லை. அதை அவர்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை, ஆனால் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

வலது பையிலிருந்து கையை எடுத்தேன். ராஜினாமா இருக்கட்டும் அண்ணே, ஆசிக்கைப் போடுங்கள் என்றேன். பேருந்தில் படித்துக் காட்டி அணியை ஜெயிக்கவைத்தவன் அவன்தான். கைகள் உயர ரொம்ப நேரம் ஆயிற்று, ஆனால் உயர்ந்தன. சிங்கராயர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் இழுப்பறையைக் காலி செய்து ஒரு பையில் கட்டிக்கொண்டு மீன் இறங்கும் துறைக்குப் போனேன், இந்த முறை நேர்வழியில். ஆசிக் கூடைகளின் மேல் உட்கார்ந்து முதல் தாளை எடுத்தான். முன்பக்கம் கலிஃபோர்னியாக்காரர்கள் மெக்சிகோ தலைநகரில் ஜெயித்திருந்தார்கள். பின்பக்கம் வெங்காயம், துவரம்பருப்பு, சோப்பு. இரண்டு பக்கத்தையும் படித்தான்.

"இதுல எதெல்லாம் நெசமா நடந்துச்சு, சயா?"

"ஒண்ணும் நடக்கல."

"நல்லதாப் போச்சு," என்றான். "அப்ப தன்லியின்காரனுக்கும் தெரிஞ்சிருக்காது."

பதவி போன பிறகும் அவன் என்னைச் சயா என்றுதான் கூப்பிட்டான் என்பது பாதி வழி திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து வலது பைக் கடிதத்தைக் கரீமாவிடம் கொடுத்தேன். அவள் படிக்கவில்லை, திருப்பிப் பின்பக்கம் காலியா என்று மட்டும் பார்த்துவிட்டு, நாளைக்கு என்ன வாங்கணும் என்று கேட்டாள்.